பதினோராவது காலேஜ்

லேமினேட் பண்ணிவிட்டால் எந்தக் காகிதத்துக்கும் சாவே கிடையாது என்பது காத்தவராயனின் கட்சி. ரேஷன் கார்டு, ஆதார், மகளின் மார்க் ஷீட்டுகள், ஏன், கொரோனா ஊசி போட்டுக்கொண்ட சீட்டு வரைக்கும் அந்த வீட்டில் எல்லாம் பளபளவென்று பிளாஸ்டிக்குக்குள்தான் கிடக்கும். மகள் வெண்பாவுக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் எந்தெந்தக் காலேஜ் கேட்டிருக்கிறோம் என்று கம்ப்யூட்டர் அச்சடித்துக் கொடுத்த தாளை மட்டும் சும்மா விடுவாரா? காலையில் மனைவி வளர்மதியின் டிபன் பைக்குள் அதை வைத்து, "மத்தியானம் சோத்து நேரத்துல லேமினேட் பண்ணிட்டு வந்துடு. மறந்துடாதே" என்று இரண்டு தடவை சொன்னார். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுகிற மனுஷன் அவர். அது முழுக்க இதற்கே செலவாகிவிட்டது.

ஒன்றரை மணிக்கு ஜெராக்ஸ் கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். கடைக்காரர் ஆதிநாராயணன் ஒவ்வொருவரிடமும் ஊர் வம்பை முழுசாகப் பேசி முடித்துத்தான் அடுத்த ஆளைக் கூப்பிடுவார். நிற்கிற நேரத்துக்கு வளர்மதி தாளை எடுத்துப் பிரித்தாள். பத்தாவது வரை படித்தவள், வேலை பார்க்கிற பீங்கான் கம்பெனியில் முன்பு பெட்டிகளுக்கு லேபிள் எழுதியவள். இங்கிலீஷை எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவாள். முதல் வரியிலேயே கண் நின்றுவிட்டது.

ஒன்று என்று போட்டு, வேப்பூர் பக்கத்தில் இருக்கிற லேடீஸ் இன்ஜினியரிங் காலேஜின் பெயர் இருந்தது. கம்ப்யூட்டர் கோர்ஸ். விரலை வைத்துக் கீழே இறக்கிக்கொண்டே போனாள். பதினொன்று என்று போட்ட கடைசி வரியில்தான் சென்னை, செராமிக் டெக்னாலஜி.

"அய்யய்யோ, தலைகீழா இருக்குதே" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

சென்னைதான் முதலில் இருந்திருக்க வேண்டும். அதற்காக அந்த வீட்டில் நடந்த ரகளை தெருவுக்கே தெரியும். பிளஸ் ஒன் படிக்கும்போது ஒரு நாள் அம்மாவுக்குச் சோறு கொண்டுவந்த வெண்பா, கம்பெனி ஓரத்தில் விரிசல் விட்டு ஒதுக்கிய ஃபியூஸ் கட்டைகளின் குவியலைப் பார்த்தாள். எல்லாம் ஏன் ஒரே இடத்திலேயே வெடித்திருக்கிறது என்று கேட்டாள். மேஸ்திரியைக் கேட்டாள், முதலாளியையே கேட்டாள். "அது அப்படித்தான் பாப்பா" என்பதுதான் எல்லாரும் சொன்ன பதில். அந்தப் பதில் அவளுக்குத் தொண்டையில் முள்ளாக மாட்டிக்கொண்டது. அதைப் படிப்பதற்கென்றே சென்னையில் நாலு வருஷப் படிப்பு இருக்கிறது என்று கண்டுபிடித்த நாளிலிருந்து வேறு பேச்சே இல்லை.

"விருத்தாசலத்துல இல்லாத மண்ணா மெட்ராஸ்ல இருக்குது? வாசல்ல லோடு லோடா வந்து எறங்குது, குந்திப் படி" என்று வளர்மதி கத்தினாள். லேடீஸ் காலேஜை அவள் நேரிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். பெரிய காம்பவுண்டுச் சுவர், வாசலில் வாட்ச்மேன், காலையில் ஏழேகாலுக்குத் தெருமுனைக்கே வந்து ஏற்றிக்கொண்டு சாயங்காலம் அங்கேயே இறக்கிவிடும் காலேஜ் பஸ். படிப்பும் நல்ல படிப்புதான், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பெண் பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும் என்று கேட்டாள். வெண்பா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் காத்தவராயன் தட்டில் கையை வைத்தபடி, "அவ போவட்டும் வளரு" என்றார். வளர்மதியும் சரி என்றாள், ஒரு நிபந்தனையோடு. லேடீஸ் காலேஜும் பட்டியலில் இருக்க வேண்டும், கடைசியிலாவது.

அந்த நேரம் பார்த்து வெண்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. நூற்று மூன்று. அவளுடைய போனோ திரை உடைந்து, பேச மட்டும்தான் ஆகும். ஆகவே அவள் படுத்தபடியே சொல்லச் சொல்ல, காத்தவராயன் கட்டிலோரம் உட்கார்ந்து ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு போய் திரௌபதியின் பிரவுசிங் சென்டரில் கொடுத்துவிட்டு வந்தார். "போட்டாச்சாப்பா?" என்று கேட்டாள். "நீ சொன்ன வரிசைதான்" என்றார். அப்பாவுக்கு வரிசை தப்பாது என்று அவள் நிம்மதியாகத் தூங்கிப்போனாள்.

தப்பாதுதான். என்ன தப்பு நடந்தது என்று வளர்மதிக்கு அங்கேயே, ஜெராக்ஸ் கடை வாசலிலேயே விளங்கிவிட்டது. தலையில் அடித்துக்கொண்டாள். காத்தவராயன் இருபத்திரண்டு வருஷமாகச் சூளை அடுக்குகிறவர். சூளைக்கு ஒரே வாசல். முதலில் உள்ளே போவது கடைசியில்தான் வெளியே வரும். அவசரச் சரக்கைக் கடைசியாக வாசலோரம் அடுக்குவார்கள். அதனால் எது முதலில் வெளியே வரவேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்லச் சொல்ல, காத்தவராயன் சீட்டின் அடி வரியில் ஆரம்பித்து மேலே எழுதிக்கொண்டு போவார், அப்புறம் மேலிருந்து கீழே பார்த்து அடுக்குவதற்கு. கை அப்படியே பழகிவிட்டது. மகள் "மொதல்ல சென்னைப்பா" என்றதும் தாளின் அடியில் எழுதியிருப்பார். "கடைசியா அம்மாவோட காலேஜு" என்றதும் உச்சியில். அட, பெற்ற மகளின் படிப்பையும் சூளைக்குள் அடுக்கிவிட்டு வந்திருக்கிறாரே இந்த மனுஷன்!

"இன்னாம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றார் ஆதிநாராயணன். அவள் முறை வந்திருந்தது.

"ஏங்க, இந்த லிஸ்ட்டுல ஒண்ணாவதா இருக்கிறதத்தான் மொதல்ல பாப்பாங்களா?"

"பின்ன? ஒண்ணாவது கெடைச்சுதுன்னா அதோட முடிஞ்சுது. கீழ இருக்கிறத கண்ணெடுத்தும் பாக்க மாட்டாங்க." தாளை வாங்கிப் பார்த்தார். "கட்ஆஃப் எவ்வளவு?... அட, நல்ல மார்க்குதான். இந்த லேடீஸ் காலேஜு கண்ண மூடிக்கிட்டு கெடைக்கும். எழுதி வெச்சுக்க."

"மாத்தணும்னா?"

"இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும் மாத்தலாம். அப்புறம் தானா பூட்டிக்கும். எதுனா மாத்தணுமா?"

அவள் வாயில் பதில் தயாராகத்தான் இருந்தது. ஆனால் வெளியே வந்தது வேறு. "இல்லீங்க. லேமினேட் பண்ணிக் குடுங்க" என்றாள்.

சூடு ஆறாத அந்த அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு கம்பெனிக்குத் திரும்பி நடந்தபோது அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரிதான் இருந்தது. யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பெற்றவர் கைப்பட எழுதினார், கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது. நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. இன்னும் மூன்று மணி நேரம் ஒன்றும் செய்யாமல் இருந்தால் போதும், மகள் தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவாள். சாமியாகப் பார்த்துச் செய்தது என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் சாமி செய்த காரியத்துக்கு நெஞ்சு ஏன் இப்படித் தடதடக்க வேண்டும்? அதுதான் அவளுக்குப் புரியவில்லை.

இரண்டு மணிக்கு வேலையில் உட்கார்ந்தாள். அச்சிலிருந்து வந்த பச்சைக் கட்டையைக் கையில் எடுத்துப் பிசிறைச் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்துப் பலகையில் வைக்க வேண்டும். வேகாத மண், கொஞ்சம் அழுத்தினாலும் உதிர்ந்துவிடும். ஒரு மணி நேரத்துக்கு இருநூறு கட்டை துடைக்கிற கை அது. அன்றைக்கு முதல் பத்து நிமிஷத்திலேயே மூன்றை உடைத்தாள்.

"இன்னாடி வளரு, மூணு கட்டை போச்சு? உனக்கும் காய்ச்சலா?" என்றாள் பக்கத்தில் இருந்த ராஜாம்பாள்.

"ஒண்ணுமில்லக்கா."

"பாப்பாவுக்கு எங்க கேட்டிருக்கீங்க?"

அதைப் போயா இப்போது கேட்க வேண்டும்? "எங்கெங்கியோ" என்று சொல்லிவிட்டு வளர்மதி தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். தாகமே இல்லை. குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். சுவர்க் கடிகாரம் இரண்டே முக்கால் காட்டியது. ஒரு யுகம் கழித்துப் பார்த்தால் இரண்டு ஐம்பது.

மனசு என்ன சும்மாவா இருந்தது? வக்கீல் வைத்து வாதாடியது. சென்னையில் ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. காய்ச்சல் வந்தால் யார் கஞ்சி வைத்துக் கொடுப்பார்கள்? இந்தக் காலத்தில் ஒற்றைப் பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்பிவிட்டு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு எத்தனை நாள் இருப்பது? எல்லாம் நியாயமான கேள்விகள்தான். எந்தத் தாயும் கேட்பாள்.

மூன்றேகாலுக்கு நாலாவது கட்டை கையோடு பிட்டுக்கொண்டு வந்தது. அதைக் குப்பைத் தொட்டியில் போடக் குனிந்தபோதுதான், கேட்காமல் விட்ட கேள்வி தலையை நீட்டியது. அவள் போய்விட்டால் வீட்டில் என்னோடு யார் பேசுவார்கள்? காத்தவராயன் சாப்பிடுவார், படுப்பார். டிவி பேசும். சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, காலை ஆட்டியபடி, அன்றைக்கு நடந்தது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஒப்பிக்கிற ஜீவன் ஒன்றுதான். அது இல்லாத வீட்டுக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குப் போய் எப்படி விளக்கைப் போடுவது? வாட்ச்மேன், காம்பவுண்டு, காலேஜ் பஸ் எல்லாம் சும்மா. பயம் மகளுக்காக இல்லை, தனக்காக. இது தெரிந்ததும் வளர்மதிக்கு உடம்பெல்லாம் கூசியது.

கூசினால் எழுந்து போக வேண்டியதுதானே? போகவில்லை. அதுதான் கொடுமை. கூசிக்கொண்டே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றரை. மூன்றே முக்கால். பாதி மனசு கடிகார முள்ளைப் பிடித்துத் தள்ளியது, பாதி மனசு அதைப் பிடித்து இழுத்தது. "உக்காந்த எடத்துல கரகாட்டம் ஆடாதடி, பலகையே ஆடுது" என்று ராஜாம்பாள் அதட்டினாள்.

நான்கு அடித்து ஐந்து நிமிஷம் இருக்கும். இடுப்பில் செருகியிருந்த பட்டன் போன் அடித்தது. வெண்பா.

"அம்மா, காய்ச்சல் சுத்தமா வுட்டுடுச்சு. ரசஞ்சோறு ரெண்டு தட்டு துன்னேன்."

"நல்லதும்மா."

"அஞ்சு மணிக்கு லிஸ்ட்ட பூட்டிடுவாங்க. எனக்கு ஒரு மாதிரி இருக்குது, அதான் போன் பண்ணேன்." குரலைத் தாழ்த்தினாள். "அம்மா, உனக்குப் புடிக்கலன்னு எனக்குத் தெரியும். புடிக்காமலேயே சரின்னு சொன்ன பாரு... எங்க கிளாஸ்ல எந்த அம்மாவும் அப்படிச் சொல்லல. நேர்ல சொன்னா நீ அழுவ, அதான் போன்ல சொல்றேன்."

வளர்மதி கையிலிருந்த பஞ்சைப் பிழிந்த பிழியில் தண்ணீர் முழங்கை வரை ஓடியது.

"அம்மா? கேக்குதா?"

"கெளம்பு" என்றாள். "உடனே கெளம்பி திரௌபதி கடைக்கு வா. லிஸ்ட்டு தப்பா இருக்குதுடி. சென்னை கடைசியில கெடக்குது. பேசிட்டு நிக்காத, ஓடியா!"

மேஸ்திரியிடம் சொல்லவில்லை, கை கழுவவில்லை. ராஜாம்பாள் பின்னாலேயே "எங்கடி ஓடுற?" என்று கத்தியது பாதிதான் காதில் விழுந்தது. ரோட்டுக்கு வந்து குறுக்கே கையை நீட்டி ஓர் ஆட்டோவை நிறுத்தினாள். "ஜங்ஷன் ரோடு, சீக்கிரம் போங்கண்ணா!" மண் லோடு ஏற்றிய லாரி ஒன்று முன்னால் ஆடி ஆடிப் போனது. அதைத் தாண்ட முடியவில்லை. வளர்மதி சீட்டின் நுனியில் உட்கார்ந்து டிரைவரின் தோளைப் பிடிக்காத குறையாகத் துரிதப்படுத்தினாள். அப்படித் துரிதப்படுத்திக்கொண்டே, சத்தியமாகச் சொல்வதென்றால், இந்த லாரி இப்படியே போனால் நேரம் தாண்டிவிடும், அப்போது அது என் தப்பு இல்லை என்றும் ஒரு நினைப்பு ஓடியது. சீ, என்ன பிறவி நான் என்று தன்னையே வைதாள்.

நாலு முப்பத்தெட்டுக்குக் கடை வாசலில் இறங்கினாள். பிரவுசிங் சென்டரில் கடைசி நாள் கூட்டம் முண்டியடித்தது. திரௌபதி ஒற்றை ஆளாக மூன்று கம்ப்யூட்டரையும் நாலு அப்பன்மாரையும் சமாளித்துக்கொண்டிருந்தாள். வெண்பா ஏற்கெனவே வந்து, காதுவரை துண்டைச் சுற்றிக்கொண்டு ஒரு நாற்காலியைப் பிடித்திருந்தாள். மூன்று நாள் காய்ச்சலில் முகம் சுண்டிப்போயிருந்தது, கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"அண்ணன் எழுதிக் குடுத்ததைத்தான் அப்படியே போட்டேன்" என்றாள் திரௌபதி வளர்மதியைப் பார்த்ததும். "இதான் வரிசையாண்ணான்னு கேட்டேன். நெஞ்ச நிமித்திக்கிட்டு இதான்னாரு."

"உன் மேல தப்பில்லம்மா. அவரு சூளை அடுக்குற மாதிரி அடுக்கிட்டாரு."

வெண்பா திரும்பிப் பார்த்தாள். ஒரு விநாடி கழித்து அவளுக்கு விளங்கியது. அந்த அவசரத்திலும் சிரித்துவிட்டாள். "அய்யோ அப்பா! சென்னையைக் கொண்டுபோய் வாசல்ல வெச்சிட்டாரா?" என்று மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். வளர்மதிக்கும் சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது.

பக்கம் திறந்தது. வெண்பா அம்புக்குறியை அழுத்தி, சென்னையை ஒவ்வொரு படியாக மேலே ஏற்றினாள். ஒரு படி ஏற்றினால் வட்டம் நாலு தடவை சுற்றும். சென்னை பத்துக்கு வந்தது, ஒன்பதுக்கு வந்தது. வளர்மதி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் நின்றாள். ஏழு. ஐந்து. நடுவில் ஒருமுறை திரை வெள்ளையாகி, கடையில் இருந்த அத்தனை பேரும் ஒன்றாக "ஆ" என்றார்கள். திரும்ப வந்தது. நாலு ஐம்பத்தொன்றுக்குச் சென்னை முதல் வரியில் போய் உட்கார்ந்தது. அதற்குள் பக்கம் வேகம் பிடித்துவிட்டது, அடுத்த இரண்டு நிமிஷத்தில் மற்றவையும் தத்தம் இடத்துக்கு வந்தன. லேடீஸ் காலேஜ் பதினொன்றில் இருந்தது.

"அப்பாடா" என்றாள் வெண்பா. நாற்காலியில் சாய்ந்து அண்ணாந்து அம்மாவைப் பார்த்தாள். "நல்லவேளை பார்த்த. எப்பம்மா பார்த்த?"

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். யார் போய் ஆதிநாராயணனைக் கேட்கப் போகிறார்கள்?

"ஒன்றரை மணிக்கு" என்றாள் வளர்மதி.

வெண்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், திரும்ப அம்மாவைப் பார்த்தாள். சிரிப்பு இன்னும் முகத்தில்தான் இருந்தது, இறங்க வழி தெரியாமல். "ஒன்றரைக்கேவா? லிஸ்ட்டு மாறியிருந்தது தெரிஞ்சுதானா?"

"தெரிஞ்சுதான்."

"நான் போன் பண்ணலன்னா?"

பக்கத்து நாற்காலியில் யாரோ பாஸ்வேர்டு மறந்துபோன மகனைத் திட்டிக்கொண்டிருந்தார். வெண்பா திரைப்பக்கம் திரும்பினாள். கீழே இறங்கிப் பதினோராவது வரிக்குப் போனாள். அதன் பக்கத்தில் நீக்குவதற்கு ஒரு சிவப்புக் குறி இருந்தது. அதன்மேல் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"பாப்பா, அத எடுக்காத!" என்று திரௌபதி ஓடிவந்தாள். "மேல இருக்கிற பத்தும் கெடைக்கலன்னு வெச்சுக்கோ, வெறுங்கையோட நிக்கணும். அது பாட்டுக்கு ஒரு ஓரமா கெடக்கட்டும்."

"இருக்கட்டும்டி" என்றாள் வளர்மதியும். குரல் கெஞ்சலாக வந்தது. "கடைசியிலதானே கெடக்குது. உன்ன இன்னா பண்ணுது?"

வெண்பா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தேவலை, மெதுவாகத்தான் சொன்னாள். "இது இருந்தா, ரிசல்ட்டு வர்ற வரைக்கும் நீ இதுக்குத்தாம்மா வேண்டிக்குவ."

இல்லவே இல்லை, நான் ஏன் வேண்டிக்கொள்ளப்போகிறேன், உனக்காகத்தானே வேலையைப் போட்டது போட்டபடி ஓடிவந்தேன் என்று சொல்லத்தான் வளர்மதி வாயைத் திறந்தாள். மகள் அதற்காகக் காத்திருந்தாள். சுட்டியின் மேல் இருந்த விரல் அசையவில்லை. அம்மா இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அந்த வரியை அப்படியே விட்டுவிடுவாள் என்பது அவள் கழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

மணி நாலு ஐம்பத்தாறு.

"ஆமாண்டி, வேண்டிக்குவேன்" என்றாள் வளர்மதி. "எடுத்துடு."